அப்பா விட்டுச் சென்ற துப்பாக்கியை என்ன செய்வது: நீலகிரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் ஒரு பெரியவர் காலமானதும் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து பட்டா, வங்கிக் கணக்கு, கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையின் உறுப்பினர் பங்கு என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கிறார்கள். பீரோவில் கம்பளிகளுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் துப்பாக்கி மட்டும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அது அப்பாவின் பொருள், அப்பாவுக்கு லைசென்ஸ் இருந்தது, ஆகவே வீட்டில் இருக்கலாம் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம். படைக்கல உரிமம் ஆளின் பெயரில் வழங்கப்படுவது. அந்த ஆள் மறைந்தவுடன் வீட்டில் இருக்கும் துப்பாக்கிக்கு உரிமம் இல்லை. அதைத் தொடர்ந்து வைத்திருப்பவர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பவர் ஆகிவிடுகிறார். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகு இதற்கான தண்டனை குறைந்தது 2 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் 5 ஆண்டு, அபராதம் தனி. துக்க வீட்டில் யாரும் குற்றம் செய்ய நினைப்பதில்லை, தெரியாமல் செய்கிறார்கள். இந்த வழிகாட்டியை எழுதுவது அதற்காகத்தான்.

முதல் நாள்: தோட்டா இருக்கிறதா?

சட்டம் பிறகு வரட்டும். முதலில் செய்ய வேண்டியது, அந்தத் துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அதை அணுகுவது. "அப்பா பத்து வருடமாகத் தொடவே இல்லை" என்பது ஒரு சான்றே ஆகாது.

அப்பாவின் பதினாறாம் நாளுக்கு வந்த உறவினர்கள் படுத்துக்கொள்ளக் கம்பளி எடுக்கப்போன என் அண்ணனின் பத்து வயது மகள், பீரோவிலிருந்து இரட்டைக் குழல் துப்பாக்கியை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, "சித்தப்பா, தாத்தாவோடது ரொம்பக் கனம்" என்றாள். குழலின் வாய் அவளுடைய தாடைக்குக் கீழே இருந்தது. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற என் மைத்துனர் எழுந்து போய், குரலை உயர்த்தாமல் அதை வாங்கி, வெளியே மண்திட்டைப் பார்த்துப் பிடித்து, மேலே உள்ள நெம்பை விரலால் தள்ளினார். குழல்கள் மடிந்து கீழே சாய்ந்தன. வலக் குழலில் வெளிச்சம் தெரிந்தது. இடக் குழலில் பச்சை படிந்த பித்தளை வளையம் தெரிந்தது. பல பருவமழைகளின் ஈரத்தில் காகித உடல் ஊதி, குழலோடு இறுகிக்கொண்ட ஒரு பழைய தோட்டா அது. மைத்துனர் அதை நெம்பி எடுக்க முயலவில்லை. துப்பாக்கியை மடிந்த நிலையிலேயே துணியில் சுற்றி, அறையைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின்னர் காவல்துறையின் ஆயுதப் பிரிவைச் சேர்ந்தவர்தான் அதை எடுத்தார்.

அவர் செய்ததில் ஒவ்வொன்றும் நீங்கள் பின்பற்ற வேண்டியது. குழலின் வாய் மனிதர்கள் இல்லாத திசையில், முடிந்தால் மண்ணை நோக்கி இருக்க வேண்டும். விசையின் அருகே விரல் போகக் கூடாது. துப்பாக்கியைக் கையாளத் தெரிந்தவர் வீட்டில் இல்லையென்றால் அதை இருக்கும் இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டி, காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஆள் வரவழையுங்கள். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கியாக இருந்தால் தெரிந்தவர்கூட அதைத் தொடாமல் விடுவது நல்லது. அதை மடித்துப் பார்க்க வழியில்லை. உள்ளே கருமருந்து இருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து தெரியாது. பழைய கருமருந்து செத்துவிட்டது என்று நம்பி விசையை இழுத்துப் பார்ப்பதைப் போன்ற ஆபத்து வேறு இல்லை. மேசை இழுப்பறை, கோட்டுப் பை, பூஜை அறைப் பெட்டி என்று உதிரித் தோட்டாக்கள் கிடக்கக்கூடிய இடங்களையும் அன்றே தேடிவிடுங்கள்.

அந்த வாரத்துக்குள்: ஒப்படைப்பு

படைக்கலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, எந்தக் காரணத்தாலும் ஓர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படியானதாக இல்லாமல் போனால், தேவையற்ற தாமதமின்றி அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. இறப்பு மட்டுமல்ல, உரிமம் காலாவதியாவதும் ரத்தாவதும் இதில் அடங்கும். ஒப்படைத்துவிட்டால் துப்பாக்கி கையைவிட்டுப் போய்விடும் என்ற அச்சத்தில்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஒப்படைப்பதனால் உரிமை போவதில்லை. பின்னர் வாரிசுகளில் ஒருவர் உரிமம் பெற்றால் அதைத் திரும்பப் பெறலாம். வேண்டாமென்றால் உரிமம் உள்ள வேறொருவருக்கு விற்க ஏற்பாடு செய்யலாம். வகுக்கப்பட்ட காலத்துக்குள் எதையும் செய்யாமல் விட்டால்தான் அது அரசுடைமையாகும்.

போகும்போது அசல் உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ் அல்லது அதற்கு விண்ணப்பித்த ரசீது, உங்கள் ஆதார், இரண்டு பிரதியாக ஒரு கடிதம் ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். துப்பாக்கியின் வகை, தயாரித்த நிறுவனம், அதில் பொறிக்கப்பட்ட எண், தோட்டாக்களின் எண்ணிக்கை நான்கும் கடிதத்தில் இருக்க வேண்டும். தேதியும் முத்திரையும் இட்ட ரசீது இல்லாமல் திரும்பி வராதீர்கள். எங்களிடம் ஒரு நிலையத்தில், "வச்சிட்டுப் போங்க, ரசீது அடுத்த வாரம் தரோம்" என்றார்கள். மைத்துனர் மாலை ஆறு மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து வாங்கி வந்தார். அந்த ஒரு தாள் பின்னால் மூன்று அலுவலகங்களில் எங்களுக்குத் தேவைப்பட்டது.

துருப்பிடித்துப் போனது, விசை வேலை செய்யவில்லை, எனவே அது துப்பாக்கியே அல்ல என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். பழுதான ஆயுதத்துக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது என்பது உண்மை. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் ஆயுதத்துக்கு மட்டுமே அந்த விலக்கு பொருந்தும். பட்டறையில் அரை நாள் வேலையில் சுடத்தக்கதாக மாறும் துப்பாக்கி சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான்.

வைத்துக்கொள்வதா, விடுவதா

ஒப்படைத்த பிறகு நிதானமாகச் சிந்திக்க நேரம் கிடைக்கும். இந்த இடத்தில்தான் குடும்பங்களில் வாக்குவாதம் வருகிறது. உலகம் முழுவதும் நடக்கும் வாக்குவாதம் நம் கூடத்துக்குள்ளும் வந்து உட்காருகிறது.

ஒரு தரப்பு வரலாற்றைச் சொல்லும். லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்து, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. ஒரு நாட்டையே நிராயுதபாணியாக்கிய அந்தச் சட்டத்தை ஆங்கிலேய ஆட்சியின் மிகக் கறுத்த செயலாகக் காந்தியே கருதினார். 1931இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. கூடலூரிலிருந்து வயநாட்டைத் தாண்டினால் வரும் குடகில் இன்றும் குடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை பெற்றவர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. "அவர்களுக்கு உண்டு, அதே காட்டோரம் வாழும் நமக்கு ஏன் இல்லை?" என்ற கேள்வி கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அடிக்கடி எழுவதில் வியப்பில்லை.

ஆனாலும் சுதந்திர இந்தியா அந்த உரிமையை அரசியலமைப்பில் எழுதவில்லை. 19ஆம் பிரிவு நமக்குத் தந்திருப்பது அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை. அமெரிக்கா 1791இலேயே தன் அரசியலமைப்பில் இரண்டாம் திருத்தத்தின் மூலம் ஆயுத உரிமையை எழுதிக்கொண்டது; அதன் பொருள் என்ன என்று இன்னமும் வழக்காடிக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின் சட்டம் இறுக்கப்பட்டது. அரசே விலை கொடுத்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி அழித்தது. அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் ஒரு பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பதை ஏறத்தாழ முழுமையாகத் தடைசெய்தது.

இந்த விவாதத்தில் என் மனத்தை மாற்றிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். திருடன் வருவான், கரடி வரும் என்று வாங்கி வைத்த துப்பாக்கி, பல நேரங்களில் அந்த வீட்டு மனிதரையே நோக்கித் திரும்புகிறது. ஆகவே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி வீட்டைப் பற்றியது. கட்டுப்பாடற்ற குடிப்பழக்கம் உள்ளவர், மனச்சோர்வில் இருப்பவர், கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிபவர் வீட்டில் ஒருவர் இருந்தாலும் துப்பாக்கியை விட்டுவிடுங்கள். வாரிசுரிமை, கௌரவம், அப்பாவின் நினைவு எதுவும் அதற்கு ஈடாகாது. நினைவுக்கு அவருடைய கம்பளியும் கைத்தடியும் போதும்.

பன்றிக்கும் காட்டெருமைக்கும் உதவுமா?

வைத்துக்கொள்ள விரும்புவோர் பெரும்பாலும் சொல்லும் காரணம் பயிர். உருளைக்கிழங்கையும் கேரட்டையும் ஓர் இரவில் உழுது போட்டுவிடும் காட்டுப்பன்றியால் விழுந்த அடி எனக்கும் தெரியும். மேரக்காய்ப் பந்தலைக் காட்டெருமை சரித்துப்போட்ட காலையில் என் அம்மா அழுததைப் பார்த்திருக்கிறேன். பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் கோரலாம் என்று படைக்கலச் சட்டமே சொல்கிறது. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கும், அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால் குழலின் உட்புறம் வரிப்பள்ளம் இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும் வேறு மென்குழல் துப்பாக்கிக்கும் உரிமம் தர அதில் இடமுண்டு. இவ்வளவையும் படித்துவிட்டு, உரிமம் இருந்தால் பன்றியைச் சுடலாம் என்று முடிவுகட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. துப்பாக்கியை வைத்திருக்க அனுமதிப்பது ஒரு சட்டம். விலங்கைக் கொல்லக் கூடாது என்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். காட்டெருமை, சிறுத்தை, கரடி, யானை எல்லாம் அதன் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுச் சிறை. வேட்டையாட முயல்வதும் வேட்டையாகவே கொள்ளப்படும்.

காட்டுப்பன்றிக்கு மட்டும் தமிழக அரசு 2025இல் ஒரு வழியைத் திறந்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதையும் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே செய்யலாம். நீலகிரியின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள்: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் விலகியிருக்கும் தோட்டங்கள் நம் மாவட்டத்தில் எத்தனை தேறும்? எனவே பன்றிக்காகத் துப்பாக்கி என்பது இங்கே ஏறத்தாழப் பொருளற்ற வாதம். விவசாயிகளின் வேதனைக்கு இது போதிய விடையல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இழப்பீடு விரைவாக வர வேண்டும், சூரிய மின்வேலிக்கான உதவி அதிகரிக்க வேண்டும், இதற்காக நாம் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். துப்பாக்கி கிடைக்காத கோபத்தில், தீனிக்குள் வெடிமருந்தை மறைத்த அவுட்டுக்காய் வைப்பவர்கள் பன்றியோடு யானைக் குட்டியின் வாயையும் கிழிக்கிறார்கள். பட்டினியில் வாரக்கணக்கில் சாகும் அந்த உயிரின் வேதனைக்கு எந்தப் பயிர் நட்டமும் நியாயமாகாது.

தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமல்ல என்று வன உயிரினச் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி நேர்ந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். கொல்லப்பட்ட விலங்கு அரசின் சொத்து. ஒரு பல்லைக்கூட எடுத்துவைக்கக் கூடாது.

வாரிசு உரிமம் பெறும் முறை

இத்தனைக்குப் பிறகும் உண்மையான தேவை இருக்கிறது, உதாரணமாக அக்கம்பக்கம் யாருமில்லாத எஸ்டேட் பங்களாவில் வாழ்கிறீர்கள் என்றால், 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளில் வாரிசுகளுக்கென்றே ஏற்பாடு இருக்கிறது. வாரிசுகளில் ஒருவர் 21 வயது நிரம்பியவராக இருந்து விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2019 திருத்தம். வாரிசாக வந்த துப்பாக்கியும் அந்த எண்ணிக்கையில் சேரும்.

உரிமம் வழங்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். ஆகவே கோப்பு போய்ச்சேர வேண்டிய இடம் உதகை ஆட்சியர் அலுவலகம். படிவம் ஏ-1, வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்ட ஆட்சேபணையின்மைக் கடிதம், பழைய உரிமம், ஒப்படைப்பு ரசீது, உடலும் மனமும் நலமாக இருப்பதற்கான மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, பத்திரமாக வைக்க இடமுண்டு என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். இவற்றில் தாமதமாவது ஆட்சேபணையின்மைக் கடிதம்தான். வெளிநாட்டிலோ திருப்பூரிலோ இருக்கும் தங்கையின் கையெழுத்துக்காக ஆறு மாதம் நின்றுபோன கோப்பை அறிவேன். பதினாறாம் நாளுக்கு எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பிறகு காவல்துறையும் வருவாய்த்துறையும் விசாரிக்கும். தேவையை மிகைப்படுத்தாமல் உள்ளதைச் சொல்லுங்கள். சொத்து போதாது என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்வதைச் சிறு விவசாயிகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு.

நீலகிரிக்கென்று இன்னொரு வாயிலும் இருக்கிறது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய படைக்கல உரிமம் வழங்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்ஒப்புதல் வேண்டும் என்று வன உயிரினச் சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறுகிறது. அந்த எல்லைக்குள் வாழும் உரிமதாரர் வனத்துறையிடம் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். 2022 திருத்தத்தின்படி உரிமத்தைப் புதுப்பிக்கும்போதும் வனத்துறைக்குத் தகவல் போக வேண்டும். தேசியப் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். முதுமலையும் முக்குருத்தியும் இருக்கும் மாவட்டத்தில் மசினகுடி, கூடலூர், நடுவட்டம் பக்கத்து மக்கள் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் முன்பே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

உரிமம் கிடைத்தபின் அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். காலாவதியாவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னரே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் துப்பாக்கியைச் சுவரோடு பிணைத்த இரும்பு அலமாரியில், தோட்டாக்களை வேறொரு பூட்டுக்குள், இரண்டு சாவிகளையும் வெவ்வேறு இடத்தில் வையுங்கள். நம் பனிக்கும் மழைக்கும் தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து உறையின்றி வைப்பதே நல்லது. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் ஒப்படைக்கச் சொல்லி வரும் அறிவிப்பை அலட்சியப்படுத்தாதீர்கள். அப்போதும் ரசீது வாங்குங்கள்.

விற்பதானால், ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகு, உரிமம் உள்ளவருக்கு மட்டுமே கைமாற்ற முடியும். உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகச் செல்வது எளிது. நாங்கள் கோவையில் ஒரு விற்பனையாளர் மூலம் அப்பாவின் துப்பாக்கியைக் கொடுத்தோம். பெரிய விலை கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர் இன்னும் நலமாக இருக்கிறார் என்றால் இதில் பாதிச் சுமை குறையும். உரிமதாரருக்கு 70 வயதானாலோ, அவர் 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, தாம் உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசை முன்மொழிந்து அவர் பெயருக்கு உரிமம் கோர விதிகள் இடமளிக்கின்றன. இன்று மாலை தேநீருக்கு உட்காரும்போது உரிமப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, முடிவுத் தேதியையும், படைக்கல உரிமங்களின் தேசியப் பதிவில் சேர்த்ததற்கான தனி அடையாள எண் அதில் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படியே துப்பாக்கியை மடித்து இரண்டு குழல்களிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.